400 டிவிடி சேஞ்சர்: பாதி இழுத்துவிட்டு "தட்டு இல்லை" என்கிறது. யாராவது கழற்றிப் பார்த்ததுண்டா?

கோவைவாசி:
வணக்கம். என் மாமா நியூ ஜெர்சி வீட்டைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பியபோது, 400 டிவிடிகளை உள்ளே அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்டதை அதுவே எடுத்துப் போடும் சேஞ்சர் ஒன்றையும் கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அதனோடு மல்லுக்கட்ட அவருக்குப் பொறுமை இல்லை, என்னிடம் தள்ளிவிட்டார். உள்ளே கிட்டத்தட்ட முந்நூறு தட்டுகள். முக்கால்வாசி தமிழ்ப் படங்கள், கொஞ்சம் ஹாலிவுட், அப்புறம் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று குடும்பத்து டிவிடிகள் நாற்பது இருக்கும்.

எண்ணை அழுத்தினால் உள்ளே தட்டுகள் நிற்கும் ராட்டினம் சுற்றிச் சரியான இடத்தில்தான் நிற்கிறது. தட்டைப் பாதி இழுக்கிறது, ஒரு முனகல் சத்தம், திரும்ப உள்ளே தள்ளிவிட்டு "தட்டு இல்லை" என்று காட்டுகிறது. இரண்டு மூன்று முறை அழுத்தினால் சில ஏறிவிடும், ஏறினால் படம் அருமையாக ஓடுகிறது. சிலது ஏறியும் படிக்க மாட்டேன் என்கிறது. தவிர, 210க்கும் 230க்கும் நடுவில் ராட்டினம் போகும்போது எதுவோ டக்கென்று இடிக்கிறது.

230ஐ 120 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில்தான் ஓட்டுகிறேன். ஒரு கடைக்காரர், "இது 60 ஹெர்ட்ஸ் மெஷின், நம்ம 50 ஹெர்ட்ஸில் மோட்டார் திணறத்தான் செய்யும்" என்றார். நிஜமா? இன்னொரு கடையில் மூடியைத் திறக்கவே மறுத்துவிட்டார்கள்.

படப்பெட்டி:
லென்ஸ் அழுக்காக இருக்கும். பிரஷ் வைத்த கிளீனர் சிடி கிடைக்கும், போட்டுப் பாருங்கள்.

பழைய டெக் மெக்கானிக்:
கிளீனர் சிடியை அதில் போட்டுவிடாதீர்கள் தம்பி. பல சேஞ்சர்களின் கையேட்டிலேயே வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். அதுவும் தட்டை இழுக்கவே தடுமாறுகிற மெஷினில் போட்டால், பாதி வழியில் மாட்டிக்கொண்டு அதை எடுப்பது தனி வேலையாகிவிடும்.

ஹெர்ட்ஸ் விஷயம்: உங்கள் கடைக்காரர் சொன்னது இதற்குப் பொருந்தாது. உள்ளே வரும் கரன்ட் முதலில் டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் கரன்ட்டாக, மாறுகிறது, ராட்டினத்தைச் சுற்றுவதும் தட்டை இழுப்பதும் சின்ன டிசி மோட்டார்கள். அவற்றுக்கு 50, 60 எதுவும் தெரியாது. கரன்ட்டின் ஹெர்ட்ஸ் கணக்குக்கே சுற்றும் சிங்க்ரனஸ் மோட்டார் வைத்த பழைய ரெக்கார்ட் பிளேயராக இருந்தால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் இழுத்து இழுத்துப் பாடும், அது நிஜம். ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: உங்களிடம் இருப்பது கனமான, செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்தானே? அயர்ன்பாக்ஸ், ஹேர் டிரையருக்கென்று விற்கும் எடை குறைந்த பயணக் கன்வெர்ட்டர் என்றால் உடனே கழற்றுங்கள். எலெக்ட்ரானிக் சாமான்களுக்கு அது ஆகாது.

இப்போது நோய்க்கு வருவோம். நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிக் கோளாறு இருக்கிற மாதிரித் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். மூடியைத் திறக்குமுன் இதைச் செய்யுங்கள்: தகராறு செய்யும் தட்டு ஒன்றையும் ஒழுங்காக ஏறும் தட்டு ஒன்றையும் எடுத்து ஸ்லாட் மாற்றி வையுங்கள். தகராறு தட்டோடு கூடவே போனால் தட்டில் கோளாறு. அந்த ஸ்லாட்டிலேயே நின்றுவிட்டால் ராட்டினத்தில். எங்கே வைத்தாலும் எதை வைத்தாலும் சில சமயம் ஏறி, சில சமயம் ஏறாமல் போனால் இழுக்கிற பகுதியில். ஏறியும் படிக்காதவை எந்தெந்தத் தட்டுகள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மாடல் என்பதால் இன்னொன்று. எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று டிவிடிகளுக்கு மண்டல எண் உண்டு. இந்தியாவில் வாங்கிய டிவிடிகளில் சில மண்டலம் 5, மெஷின் மண்டலம் 1. நம்ம ஊர் டிவி முறையான பிஏஎல்லில் பதிந்த தட்டையும் அமெரிக்கப் பிளேயர்கள் பல ஏற்காது. ஆனால் அப்படிப்பட்ட தட்டு உள்ளே ஏறிச் சுழன்ற பிறகுதான் மறுப்பு வரும், திரையில் காட்டும் செய்தியும் வேறாக இருக்கும். அதை இதோடு சேர்க்காதீர்கள்.

சினிமாக் கொட்டகை:
2024க்குப் பிறகும் டிவிடி சேஞ்சரா! எல்லாம்தான் ஓடிடியில் இருக்கிறதே?

படப்பெட்டி:
எல்லாம் எங்கே இருக்கிறது? இன்று இருக்கும் படம் அடுத்த மாதம் உரிமம் முடிந்து காணாமல் போகிறது. மாமாவின் கல்யாண வீடியோ எந்த ஓடிடியில் வரும் சொல்லுங்கள்.

கோவைவாசி:
மெக்கானிக் அண்ணே, நன்றி. டிரான்ஸ்ஃபார்மர் கனமானதுதான், தூக்கினால் இடுப்பு வலிக்கிறது. மாற்றி வைத்துப் பார்த்தேன். பாதி இழுத்துத் திருப்பித் தள்ளும் வேலையை எந்த ஸ்லாட்டிலும் செய்கிறது. காலையில் போட்டவுடன் மோசம், கொஞ்ச நேரம் ஓடிய பிறகு சற்றுப் பரவாயில்லை. ஏறியும் படிக்காதவை பெரும்பாலும் குடும்பத்து டிவிடிகள். கடையில் வாங்கிய படங்களில் அப்படி ஒன்றிரண்டுதான்.

பழைய டெக் மெக்கானிக்:
அருமை, பாதி வேலை முடிந்தது.

முதல் கோளாறு பெல்ட். இழுக்கிற மோட்டாரிலிருந்து கியருக்குப் போகும் சின்ன ரப்பர் பெல்ட், வருடக்கணக்கில் ஒரே வளைவில் கிடந்து இறுகிப்போய்த் தளர்ந்திருக்கும். சூடானதும் சற்று இளகிப் பிடிக்கிறது, அதனால்தான் உங்களுக்குக் காலையில் மோசம். முனகல், பெல்ட் வழுக்க மோட்டார் மட்டும் சுற்றும் சத்தம். இதற்கு மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் டேப் ரெக்கார்டர், டெக் பெல்ட்கள் இன்னும் கிடைக்கும். பழைய பெல்ட்டை அளந்து அதே அளவு வாங்காதீர்கள், அது ஏற்கெனவே நீண்டது. ஒரு நூலைப் புல்லிகளை, அதாவது பெல்ட் ஓடும் சின்னச் சக்கரங்களை, சுற்றி இழுத்து அளந்து, அதைவிட 5 சதவீதம் சின்னதாக வாங்குங்கள். பழையது சதுர வெட்டு என்றால் புதியதும் சதுரமாகவே இருக்கட்டும். மாட்டுமுன் புல்லியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பழைய ரப்பர் கறுப்பாக ஒட்டியிருந்தால் புது பெல்ட்டும் வழுக்கும்.

திறக்குமுன் எல்லாத் தட்டுகளையும் வெளியே எடுத்துவிட வேண்டும், ஸ்லாட் எண்ணோடு. பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரமாவது கழித்துத் திறங்கள். பவர் சப்ளை போர்டில் இருக்கும் பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரன்ட்டைத் தேக்கி வைத்திருக்கும், அதன் பக்கம் கையே போகக் கூடாது.

இரண்டாவது, அந்த டக் சத்தம். 210லிருந்து 230 வரை உள்ள ஸ்லாட்டுகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஸ்லாட்டில் இரண்டு தட்டு நுழைந்திருக்கலாம், இல்லை ஒன்று நழுவி ராட்டினத்துக்குப் பின்னால் விழுந்து விளிம்பு உரசலாம். கப்பலில் வந்த பெட்டி அல்லவா. இடம் மாற்றும்போது தட்டுகளை எடுத்துவிடச் சொல்வதே இதனால்தான்.

மூன்றாவதுக்கு ஒரு கேள்வி: குடும்பத்து டிவிடிகளின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா?

கோவைவாசி:
ஆமாம். பெண், மாப்பிள்ளை படம் போட்டு ஸ்டுடியோக்காரர்கள் ஒட்டித் தந்தது. எல்லாவற்றிலும் உண்டு.

பழைய டெக் மெக்கானிக்:
அப்படியானால் அவற்றைத் திரும்ப சேஞ்சரில் வைக்கவே வேண்டாம். டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டிய 1.2 மி.மீ. தட்டு. மேலே ஒட்டிய காகிதம் ஈரம், வெயிலில் சுருங்கிச் சுருங்கித் தட்டை லேசாகக் கிண்ணம் மாதிரி வளைக்கும். வளைந்த தட்டில் லேசர் குவியாது. ஸ்டிக்கரின் ஓரம் பிரிந்தால் உள்ளே சிக்கவும் செய்யும். உரித்தெடுக்கவும் முயல வேண்டாம். சிடியாக இருந்தால் மேல்பக்க வெள்ளிப் பூச்சே கூட வந்துவிடும். டிவிடியில் பூச்சு நடுவில் இருப்பதால் அந்தப் பயம் குறைவு, ஆனால் உரிக்கிற வேகத்தில் தகடுகள் பிரியலாம்.

இன்னொன்று, அவை வெற்றுத் தட்டில் கம்ப்யூட்டரால் எழுதிய (பர்ன் செய்த) டிவிடி-ஆர் ரகம். கடை டிவிடியில் தகவல் அச்சாகப் பதிந்திருக்கிறது. டிவிடி-ஆர் தட்டில் சாயத்தின் மேல் லேசரால் எழுதியது, அந்தச் சாயம் வயதானால் மங்கும். பிளேயரின் 650 நானோமீட்டர் லேசரும் கிழடாகியிருந்தால் முதலில் அடிபடுவது இவைதான்.

அதனால் என் கருத்து இது: பெல்ட் வேலை அடுத்த மாதம்கூட ஆகட்டும். குடும்பத்து நாற்பதையும் இந்த வாரமே கம்ப்யூட்டரில் போட்டு நகல் எடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும், இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள். ஒரு அடுக்குத் தட்டு 4.7 ஜிபி, நாற்பதும் சேர்ந்து 200 ஜிபி தாண்டாது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்று மாமா வீட்டில் இருக்கட்டும். சினிமாவுக்கு அவசரமில்லை, வேறு பிரதி எங்காவது கிடைக்கும்.

படப்பெட்டி:
லென்ஸ் என்று நான் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை போலிருக்கிறதே!

பழைய டெக் மெக்கானிக்:
தப்பில்லை. பெல்ட் மாற்றத் திறக்கும்போது காற்றுப் பந்தால் ஊதி, அதே ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தாமல் ஒருமுறை துடைக்கலாம்.

கோவைவாசி:
முடிந்தவரை சொல்கிறேன். குடும்பத்து டிவிடிகளில் பெரும்பாலானவை நகலாகிவிட்டன. ஐந்து மட்டும் லேப்டாப்பில் படிக்கவில்லை, சித்தப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் அதில் மூன்று தேறின. இரண்டு கைவிட்டுப் போனது போலத்தான். ஸ்லாட் 218க்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்து குறுக்கே நின்றது, எடுத்ததும் டக் சத்தம் நின்றுவிட்டது. பெல்ட் இரண்டு இருந்தன, இரண்டையும் மாற்றினேன். இப்போது அழுத்தியதும் ஏறுகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. தட்டுகளைத் திரும்ப அடுக்கியதும் பழைய பெயர்ப் பட்டியல் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் அதுவே படித்துப் பட்டியல் போட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பழைய டெக் மெக்கானிக்:
தட்டுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் 260க்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். பல தட்டுகளுக்குப் பெயர் வராது, அவற்றை நீங்கள்தான் அடிக்க வேண்டும். முன்பக்கம் கீபோர்டு செருகும் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிழைத்தீர்கள். ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாக அடிப்பது பெரும்பாடு.