குப்பையைப் பிரித்தால் ஊருக்கு அபராதமா?

மொட்டைமாடி:
எங்கள் மாநகராட்சி குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு டெண்டர் விடப்போகிறது. வரைவு ஒப்பந்தம் சங்க வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது, படிக்க உட்கார்ந்தால் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். தினமும் 500 டன் கொடுக்க வேண்டுமாம், குறைகிற ஒவ்வொரு டன்னுக்கும் மாநகராட்சி 600 ரூபாய் கட்ட வேண்டுமாம், இது 25 வருஷத்துக்கு. நாங்கள் 4 வருஷமாக வீடு வீடாகப் படியேறி, மக்கும் குப்பை வேறு மக்காத குப்பை வேறு என்று சண்டை போட்டுப் பழக்கி வைத்திருக்கிறோம். இனி ஒழுங்காகப் பிரித்தால் ஊருக்குத் தண்டமா? இல்லை, நான்தான் தப்பாகப் படிக்கிறேனா?

கொதிகலன்:
சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் சார். இதற்கு 'புட் ஆர் பே' என்று பெயர். கொடு, கொடுக்காவிட்டாலும் காசைக் கட்டு. ஆலைக்குக் கடன் கொடுக்கிற வங்கிக்கு 20, 25 வருஷம் வருமானம் நிற்கும் என்ற உறுதி வேண்டும், அதற்காகத்தான் ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை. நீங்கள் 420 டன் கொடுத்தால் 80 டன் குறை, நாளைக்கு 48,000 ரூபாய், வருஷத்துக்கு ஒன்றே முக்கால் கோடி.

ஆனால் எதைப் பிரித்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொதிகலனுக்கு டன் கணக்கு தெரியாது, சூடுதான் தெரியும். காய்கறித் தோல், சாதம், இளநீர் மட்டை எல்லாம் முக்கால்வாசி தண்ணீர், அதை உரக்கிடங்குக்கு அனுப்பினால் மீதிக் குப்பை நன்றாக எரியும், ஆலைக்காரர் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார். பிளாஸ்டிக்கையும் அட்டைப்பெட்டியையும் எடுத்தால்தான் அவருக்கு வலிக்கும், அதில்தான் சூடு இருக்கிறது. காயலான் கடைக்காரருக்கு வேண்டியதும் அதேதான். டெல்லி திமார்ப்பூரில் 1987-இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஒரு ஆலை கட்டினார்கள், நாளைக்கு 300 டன் எரிக்க. வந்த குப்பையில் எரிகிற சரக்கே போதவில்லை, 21 நாள் ஓடியதோடு சரி.

ஸ்னோபூட்ஸ்:
நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். இங்கே டெட்ராய்ட் நகரத்துக் குப்பை எரிஉலை 1989-இல் தொடங்கி 2019 மார்ச்சில் மூடியது. நகரம் முழுக்க வீட்டு வாசலில் மறுசுழற்சிப் பொருள் வாங்குகிற ஏற்பாடு வந்ததே 2014-இல்தான், இங்குள்ள பெரிய நகரங்களில் அது ரொம்பத் தாமதம். பெரிய உலையைக் கட்டி வைத்துவிட்டால் அதன் வாய்க்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்து ஊர்க் குப்பையெல்லாம் கொண்டுவந்துதான் எரித்தார்கள்.

அப்புறம் ஒன்று, உலைக்குக் குப்பை குறைகிற பழியை முழுக்க மறுசுழற்சி மேல் போடாதீர்கள். ஊர்க் குப்பை முழுக்க இந்த இடத்துக்குத்தான் வர வேண்டும் என்று இங்கே பல ஊர்கள் சட்டம் போட்டிருந்தன. 1994-இல் கார்போன் என்ற நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றதும், லாரிக்காரர்கள் விலை குறைவான குப்பைமேட்டைத் தேடிப் போய்விட்டார்கள். 2007-இல்தான், இடம் அரசுக்குச் சொந்தமானதாக இருந்தால் அப்படிச் சட்டம் போடலாம் என்று இன்னொரு தீர்ப்பு வந்தது.

மொட்டைமாடி:
ஆலையே வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை, குப்பைமேடு எரிந்து மூன்று நாள் புகை குடித்தவர்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

பேரேடு:
கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் உண்டு சார், பிறகு ஒரு எழுத்தை மாற்றவும் அவர்கள் விலை சொல்வார்கள். மறுசுழற்சியாலும் உரமாக்குவதாலும் குறைகிற எடைக்குத் தண்டம் கிடையாது என்று தனி நிபந்தனை கேளுங்கள், முக்கியமானது அதுதான். 2016 திடக்கழிவு விதிகளே மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தருகிற குப்பையைத்தான் எரிபொருள் பக்கம் அனுப்பச் சொன்னது, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். குறையை நாள் கணக்கில் பார்க்காமல் வருஷ சராசரியில் பார்க்கச் சொல்லுங்கள், பொங்கல் வாரமும் சாதாரண வாரமும் ஒன்றா? காலி இடத்துக்குப் பக்கத்து நகராட்சிக் குப்பையை ஆலைக்காரர் வாங்கிப் போட்டால் அந்த எடை உங்கள் பாக்கியில் கழிய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு பேரிடம் காசு வாங்குவார். அது சரி, 500 என்ற எண் எங்கிருந்து வந்தது?

மொட்டைமாடி:
இப்போதுதான் பின்னிணைப்பைத் திறந்தேன். 2018-ஆம் வருஷ எடைமேடைக் கணக்கு. நாங்கள் பிரிக்க ஆரம்பிப்பதற்கு முந்தையது.

பேரேடு:
அந்தப் பக்கத்தை நாலு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள் சார்.