மொசைக் டைல்ஸ் இடுக்குக்கு என்ன நிறம் போடலாம்?
குன்னூரில் அம்மா வீட்டுக் குளியலறைத் தரைக்கு ஒரு அங்குல வெள்ளை மொசைக் டைல்ஸ் ஒட்டியாயிற்று. இடுக்கை நிரப்பும் பூச்சான கிரவுட்டின் நிறம்தான் பாக்கி. சதுர அடிக்கு நூறு துண்டுக்கு மேல் வருகிறது, அத்தனையைச் சுற்றியும் இடுக்கு. நிறம் தப்பினால் தரையே தப்பிவிடும்.

"வெள்ளையே போட்டுடலாங்க" என்கிறார் மேஸ்திரி. செம்மண் செருப்போடு வீட்டுக்குள் வரும் ஊரில் அது எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? கறுப்பு போட்டால் மீன்வலை விரித்த மாதிரி, சோப்புக் கறை வேறு வெளுப்பாகத் தெரியும்.

என் கண் வெளிர்சாம்பலில்தான். மிச்ச டைல்ஸில் கொஞ்சம் பூசிப் பார்த்தேன். ஈரத்தில் எலி நிறம், காய்ந்ததும் நன்றாக வெளுத்துவிட்டது. (மூடுபனியில் அது காய்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.)

இங்கே யாராவது எபாக்ஸி கிரவுட் (சிமெண்டுக்குப் பதில் பிசினில் கலப்பது) போட்டிருக்கிறீர்களா? நம் குளிருக்கு இறுக எவ்வளவு நேரம் ஆனது? ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும். ஓரிரு வருஷம் புழங்கிய தரையின் போட்டோ இருந்தால் போடுங்கள், புதுத்தரை வேண்டாம்.