பிரிட்ஜைத் தொட்டால் ஷாக்: வாடகை வீட்டு வயரிங் அனுபவங்கள்

சென்னை, மடிப்பாக்கம்

ஓனர் கீழே, நாங்கள் மேல் போர்ஷன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். சொன்னால், "செருப்பு போட்டுக்கிட்டுத் திறங்க தம்பி. முன்னாடி இருந்தவங்க ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்பார். எல்லா ஓனர்களும் இந்த 'முன்னாடி இருந்தவங்க'ளைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்தச் சாட்சியை யாரும் பார்த்ததில்லை.

நாங்களே எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தோம். பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருந்தது, எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. பிரிட்ஜின் உடம்பில் கசிகிற கரண்ட் தரைக்குப் போக எங்கள் கையைத் தவிர வேறு வழி கிடையாது. மெயின் போர்டைத் திறந்தால் அதைவிட மோசம். பியூஸ் கட்டையில் பியூஸ் வயருக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். அடிக்கடி பியூஸ் போகிறதே என்று ஓனர் கண்டுபிடித்த வைத்தியம்! லோடு கூடும்போது பியூஸ் போகத்தான் வேண்டும். அது போகாவிட்டால் சுவருக்குள் இருக்கிற வயர் சூடேறி, மேலுறை உருகும்.

ஈபியின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) போன் செய்தோம். மரியாதையாகவே பேசினார்கள். மீட்டர் வரைதான் வாரியம், அதற்கப்புறம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றார்கள்.

கடைசியில் வேலை செய்தது எழுத்துதான். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் வந்தது, 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணை எந்தப் பராமரிப்பு யாருடையது என்று பிரித்திருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர் குடியிருப்பவருக்கு. வீட்டின் உள், வெளி வயரிங் உரிமையாளருக்கு. அந்தப் பக்கத்தையும் பியூஸ் கட்டை போட்டோவையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "சார், இதைச் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரே வரி எழுதினேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நேரில் சொன்னபோதெல்லாம் சிரித்தவர், எழுத்தில் பார்த்ததும் ஆள் அனுப்பினார். எர்த் போட்டார்கள், எம்சிபி (லோடு கூடினால் தானாக விழுகிற சுவிட்ச்) மாட்டினார்கள். பழைய வயரை மட்டும் மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். கையோடு வாடகையை ஏற்றலாமா என்றும் கேட்டார், அது தனிக் கதை.

மதுரை, செல்லூர்

எங்கள் ஓனர் துபாயில். இங்கே பார்த்துக்கொள்வது அவருடைய மச்சான். பாத்ரூம் சுவரில் ஓதம், அதே சுவரில் ஹீட்டர் பாயிண்ட். குழாயைத் திருகினால் கை ஜிவ்வென்றது. "மழை விட்டா சரியாயிரும்க்கா" என்றார் மச்சான். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் மழை விடும்வரை எப்படிக் காத்திருப்பது?

செய்து தராவிட்டால் நாங்களே செய்து வாடகையில் கழிப்போம் என்று முதலில் மெசேஜ் போட்டோம். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் கேட்டும் ஓனர் செய்து தராமல் இருந்திருக்க வேண்டும். பதில் வரவில்லை. பாயிண்டை உலர்ந்த சுவருக்கு மாற்றி, புது வயர் இழுத்து, பில்லை அனுப்பிவிட்டு மீதி வாடகையைப் போட்டோம். அன்றைக்கே துபாயிலிருந்து போன். "யாரைக் கேட்டும்மா புடிச்சீங்க? கரண்ட்டக் கட் பண்ணச் சொல்லவா?" கரண்ட், தண்ணீரை நிறுத்தவும் அதே சட்டம் தடை போட்டிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார். அப்புறம் பேச்சில்லை.

சென்னை, அம்பத்தூர்

இதே வயரிங் தொல்லையில் நாங்கள் காலி செய்துவிட்டோம். பத்து மாத அட்வான்ஸ் ஓனர் கையில் இருக்கும்போது எந்தச் சட்டத்தைப் பேசுவது? வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம், ஊர் வழக்கம் வேறு. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருந்தால் அங்கே மனுவாவது போட்டிருக்கலாம். பதிவு என்றதுமே இந்த ஓனர், "அப்படின்னா வேற வீடு பாத்துக்கங்க" என்றவர்.

திருச்சி (எலெக்ட்ரீஷியன்)

மேலே எழுதியவர்களுக்கு ஒன்று. எம்சிபி லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான், ஆளைக் காப்பாற்றாது. அதற்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே விழுகிற சுவிட்ச் வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் இரண்டு போர்ஷன் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) ஒன்றாக முறுக்கி வைத்திருப்பார்கள். அங்கே ஆர்சிசிபி நிற்கவே நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும். உடனே ஓனர் "சாமானே சரியில்ல, கழட்டிடு" என்பார். கழற்ற விடாதீர்கள், நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள். வருகிற எலெக்ட்ரீஷியனிடம் வெறும் கூலி பில் வாங்காமல், என்ன பழுது பார்த்தார் என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருவோம்.