ஹோஸ்டிங் பேனலில் 4200, அனலிடிக்ஸில் 160: எது உண்மை? அவசரம்

சுடரொளி
வணக்கம். என் தளத்துக்கு நேற்று எத்தனை வருகை என்று பார்த்தால், ஹோஸ்டிங் பேனல் 4200 என்று காட்டுகிறது, கூகுள் அனலிடிக்ஸ் 160 என்கிறது. ஒருவர் விளம்பரம் தருவதாகச் சொல்லி மாத டிராஃபிக் கேட்டிருக்கிறார், இன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். செட்டிங்ஸ் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எந்த எண்ணைக் கொடுப்பது?

வெண்மேகம்
4200 எது? ஹிட்ஸா, பேஜஸா, விசிட்ஸா? பேனலில் எண்ணுவது ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற கருவியா? 160 என்பது யூசர்ஸா, செஷன்ஸா? குக்கீ அனுமதி கேட்கும் பட்டை தளத்தில் உண்டா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

நிரல்நேசன்
ஆட் பிளாக்கர்தான், சந்தேகமே வேண்டாம். அனலிடிக்ஸ் ஸ்கிரிப்டைப் பல பிளாக்கர்கள் ஓடவே விடுவதில்லை. சர்வர் தானே எழுதி வைக்கும் லாகில் பதிவாவதை யாராலும் தடுக்க முடியாது, பேனல் எண்ணுவது அதைத்தான், அதனால் பேனல் எண்ணை நம்புங்கள்.

இரவுவிளக்கு
ஆட் பிளாக்கரால் 26 மடங்கு வித்தியாசம் வராது நண்பரே. இது பாட், அதாவது தானாகத் தளங்களைத் துழாவும் நிரல்களின் வேலை. லாகைத் திறந்து wp-login.php, அதாவது வேர்ட்பிரஸ் தளங்களின் லாகின் பக்கம், அதை எத்தனை பேர் தட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் இல்லாத தளங்களைக்கூட அந்தப் பக்கத்தைத் தேடி பாட்கள் துழாவுகின்றன. பெரும்பாலான பாட்கள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை, அனலிடிக்ஸ் கண்ணில் படுவதும் இல்லை. தெரிந்த பாட்களை ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனியாகப் பிரித்து வைக்கும், ஆனால் குரோம் என்று பெயர் போட்டுக்கொண்டு வருகிறவை மனிதர் கணக்கில் சேர்ந்துவிடும்.

தளபாலன்
அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். ஹிட் என்பது ஆள் இல்லை. பக்கம் ஒன்று, அதில் படங்கள், எழுத்துரு, ஸ்டைல் கோப்பு, ஸ்கிரிப்ட் என்று 25 இருந்தால், ஒருவர் ஒருமுறை திறந்தாலே 26 ஹிட். 4200 ஹிட்ஸாகத்தான் இருக்கும். ஹிட்ஸை வருகை என்று விளம்பரதாரரிடம் சொன்னால் அது பொய்க் கணக்கு. இதை இங்கே எத்தனை முறை எழுதுவது?

வெண்மேகம்
விஷயம் சரி, ஆனால் முதன்முதலில் கேட்பவரிடம் இப்படியா பேசுவது?

நிரல்நேசன்
விளம்பரதாரர் பவுன்ஸ் ரேட்டும் கேட்பார், தயாராக இருங்கள். ஒரே பக்கம் பார்த்துவிட்டுப் போனவர்கள் 70 சதவீதம் என்றால் யாரும் பணம் தரமாட்டார்கள்.

இரவுவிளக்கு
அது பழைய அனலிடிக்ஸ் கணக்கு, 2023 ஜூலையோடு அது நிறுத்தப்பட்டது. இப்போதைய அனலிடிக்ஸான ஜிஏ4-ல் ஒரே பக்கம் பார்த்தாலும் 10 விநாடி இருந்துவிட்டால் பவுன்ஸ் இல்லை.

நிரல்நேசன்
10 விநாடியில் யார் என்ன படித்துவிட முடியும்? அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

இரவுவிளக்கு
செட்டிங்ஸில் 60 விநாடி வரை ஏற்றிக்கொள்ளலாம். தேடி வந்த பதில் ஒரே பக்கத்தில் கிடைத்து ஒருவர் போய்விட்டால் அந்தப் பக்கம் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதைத் தோல்வி என்று எண்ணியதுதான் பழைய கணக்கின் கோளாறு.

தளபாலன்
கேள்வி டிராஃபிக் பற்றி. பவுன்ஸுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

சுடரொளி
மன்னிக்கவும், வெளியே போயிருந்தேன். ஏடபிள்யூஸ்டாட்ஸ்தான். 4200 ஹிட்ஸ், விசிட்ஸ் 310. அனலிடிக்ஸில் 160 யூசர்ஸ். குக்கீ பட்டை இருக்கிறது, ‘ஏற்கிறேன்’ அழுத்தினால்தான் அனலிடிக்ஸ் ஓடும். அப்படியானால் மாதத்துக்கு 160-ஐ 30-ஆல் பெருக்கிச் சொல்லிவிடலாமா?

வெண்மேகம்
பெருக்கவே பெருக்காதீர்கள்! திங்களும் வெள்ளியும் வந்தவர் அந்தந்த நாள் கணக்கில் தனித்தனியாக இருப்பார், மாதக் கணக்கில் ஒரே யூசர். தேதி வரம்பை முழு மாதமாக மாற்றி, அங்கே வரும் எண்ணை எடுங்கள். அதிலும் ஒருவரே போனில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை வந்தால் பெரும்பாலும் இரண்டு யூசர் என்றுதான் விழும்.

310-க்கும் 160-க்கும் இடையில் பட்டையை மறுத்தவர்கள், அழுத்தாமலே படித்தவர்கள், ஆட் பிளாக்கர் வைத்திருப்பவர்கள், பெயர் மாற்றி வந்த பாட்கள் எல்லாம் கலந்திருக்கிறார்கள். விசிட்ஸும் யூசர்ஸும் வேறு வேறு அளவு என்பதையும் மறக்க வேண்டாம், ஒரே ஆள் காலையும் மாலையும் வந்தால் விசிட் இரண்டு. அப்புறம் கூகுளின் சர்ச் கன்சோலில், தேடல் முடிவிலிருந்து உங்கள் தளத்துக்கு வந்த கிளிக்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். அது கூகுள் தன் பக்கத்திலேயே எண்ணுவது, உங்கள் குக்கீ பட்டை அதைத் தொடாது. அனலிடிக்ஸ் காட்டும் கூகுள் தேடல் வருகையைவிடக் கிளிக்ஸ் நிறைய இருந்தால், அனலிடிக்ஸ் எவ்வளவு தவறவிடுகிறது என்று ஓரளவு பிடிபடும்.

விளம்பரதாரருக்கு அனலிடிக்ஸ் மாத எண்ணையே கொடுங்கள், அனுமதி தந்தவர்கள் மட்டும் அதில் இருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சுடரொளி
மாதம் 2900 யூசர்ஸ் வந்தது. ஸ்கிரீன்ஷாட்டோடு அந்த வரியையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். சர்ச் கன்சோல் கிளிக்ஸ் அதிகமாகத்தான் இருக்கிறது. நன்றி.

இரவுவிளக்கு
லாகைப் பார்த்தீர்களா? லாகின் பக்கத்துக்கு எத்தனை?