டிசம்பர் 31க்குள் நாவலின் முதல் வரைவு: நானே போட்டுக்கொண்ட முட்டுக்கட்டைகளை எப்படி எடுப்பது?

பக்கம்_நாற்பது:
இலக்கு 40,000 சொல் நாவலின் முதல் வரைவு. கையில் இருப்பது 7,000. இன்று அக்டோபர் 1. வாரத்தில் ஐந்து நாள், தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியும். நேரம் இல்லை என்று சொல்ல வழியில்லை. தடுப்பவை மூன்று. "களத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம்." "முழு நாள் ஓய்வாகக் கிடைத்தால்தான் எழுத்து ஓடும்." "முதல் அத்தியாயம் சரியாக அமையாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது." மூன்றும் நானே விதித்தவை என்று தெரிகிறது, தெரிந்தும் நகரவில்லை. மன உறுதி பற்றி வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

சாய்கோடு:
மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

படிப்பு: "கொஞ்சம்" என்பதற்கு எல்லைக்கோடு இல்லாததால்தான் அது முடிவதே இல்லை. எழுதும்போது தெரியாத இடம் வந்தால் "## படகில் எத்தனை பேர் ஏறலாம்" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். வரைவு முடிந்ததும் ## என்று தேடினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். காட்சியே வெட்டுப்படும்போது அவற்றில் பல தேவையற்றுப் போகும்.

முழு நாள்: இதை வாதாடித் தீர்க்க முடியாது, சோதித்துப் பார்க்கலாம். வார நாள்களில் தினம் 25 நிமிடம் எழுதி, சொற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் எண்கள் இருந்தால் இந்த நம்பிக்கை நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதல் அத்தியாயம்தான் உண்மையான பொறி. கடைசி அத்தியாயத்தில் என்ன வெடிக்கப் போகிறது என்று தெரியாமல், முதலில் எதை விதைப்பது என்று தெரியாது. இப்போது மெருகேற்றும் பக்கங்களில் பாதி பிறகு எப்படியும் மாறும். எனவே அந்த 7,000 சொல்லைத் தனிக் கோப்பில் மூடி வையுங்கள். புதுக் கோப்பில் அதன் கடைசிப் பத்தி மட்டும் இருக்கட்டும். "தங்கைக்குப் பதில் அக்கா என்று வைத்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றினால், பின்னால் போய்த் திருத்தாதீர்கள். தனித் தாளில் ஒரு வரி குறித்துவிட்டு, முன்பே மாற்றிவிட்டதாக வைத்துக்கொண்டு அக்காவோடு தொடருங்கள்.

ஒன்று கசக்கும், ஆனாலும் சொல்ல வேண்டியது. 1978இல் உளவியலாளர்கள் ஸ்டீவன் பெர்க்லாஸும் எட்வர்ட் ஜோன்ஸும் செய்த சோதனையில், விடையே இல்லாத கேள்விகளைத் தந்துவிட்டு நன்றாகச் செய்ததாகப் பாராட்டினார்கள். அப்படிப் பாராட்டப்பட்ட ஆண்கள், அடுத்த சுற்றுக்கு முன் திறனைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட மாத்திரையை அதிகம் தேர்ந்தார்கள். தோற்றால் பழி மாத்திரைக்குப் போகும். நிபந்தனைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன: எழுதாத நாவலை யாரும் மோசம் என்று சொல்ல முடியாது.

வாரக்கணக்கு:
கணக்கைச் சொல்கிறேன். இன்றிலிருந்து 92 நாள், அதாவது 13 வாரமும் ஒரு நாளும். முழுவதையும் நிரப்பிவிடாதீர்கள். ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க மாணவர்கள் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள், ஆனது 55. எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு என்று கேட்டதற்குச் சொன்னதுகூட 49 நாளுக்குள்தான்.

11 வாரம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 55 அமர்வு. மீதி 33,000 சொல்லை வகுத்தால் அமர்வுக்கு 600. உங்கள் கெடு டிசம்பர் 16. பிந்தைய 15 நாள் சறுக்கலுக்கு. முதல் வாரம் அளந்து பாருங்கள். 450தான் வருகிறது என்றால் 55 அமர்வில் 24,750. பழையதோடு சேர்த்து 31,750. அப்போது வேகத்தைக் கூட்டுவதாகச் சபதம் போடாமல், ஒரு கிளைக்கதையை அக்டோபரிலேயே எடுத்துவிடுங்கள். டிசம்பரில் எடுத்தால், அதற்காக எழுதிய பக்கங்களும் சேர்ந்து வீணாகும்.

பென்சில்_முனை:
உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999இல் விளக்கிய "இது நடந்தால் இதைச் செய்வேன்" திட்டம் இங்கே நன்றாகப் பொருந்தும். "தினமும் எழுதுவேன்" என்பது திட்டம் ஆகாது. "இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், மேசையில் உட்கார்ந்து கோப்பைத் திறப்பேன்" என்பது திட்டம். தடைக்கும் ஒன்று தேவை: "முதல் அத்தியாயத்தைத் திறக்கக் கை போனால், குறிப்புத் தாளில் ஒரு வரி எழுதுவேன்." இரண்டு மூன்று போதும், பத்து எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

அன்றைய வேலையைப் பாதி வாக்கியத்தில் நிறுத்துங்கள். "அவள் கதவைத் திறந்தபோது" என்று நின்றிருந்தால், மறுநாள் முதல் நிமிடம் யோசனை இல்லாமல் கை நகரும். வெற்றுப் பக்கத்தோடு நிறுத்தினால் அந்த நிமிடத்தில்தான் "கொஞ்சம் படிக்கலாமே" நுழையும்.

நாவல் எழுதுவதாக எல்லோரிடமும் அறிவிக்காதீர்கள். பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிட்டால் உழைப்பு தளரக்கூடும். ஒருவரிடம் மட்டும், வாரம் ஒருமுறை சொல் எண்ணிக்கையை அனுப்புங்கள்.

பக்கம்_நாற்பது:
கோப்பைப் பிரித்துவிட்டேன். ஒரு வாரம் முழுதாகப் போய்விட்டால்? அடுத்த வாரம் தினம் 1,200 எழுதலாமா?

வாரக்கணக்கு:
வேண்டாம். இரட்டிப்பு எண்ணைத் தவறவிட்டால் மறுநாள் 1,800 ஆகும், அதற்கு மறுநாள் கோப்பையே திறக்க மாட்டீர்கள். விட்ட 3,000 சொல்லை அந்த 15 நாளில் ஈடுகட்டுங்கள்: முதல் வாரம் போனால் கெடு டிசம்பர் 23, இரண்டாவதும் போனால் 30. மூன்றாவதும் போனால் நாள் இல்லை, காட்சிகளைத்தான் குறைக்க வேண்டும். விட்ட வாரத்துக்கு மறுநாள் அமர்வு 25 நிமிடம் மட்டும், சொல் இலக்கு இல்லாமல். அதற்கடுத்த நாளிலிருந்து பழைய 600.