எல்இடி பல்பும் மிச்சமாகும் யூனிட்டும்: 25,000 மணி நேரம் யார் கணக்கு?

மின்கணக்கன்:
"பசுமைப் பொருளை மக்கள் வாங்குவது மனசாட்சிக்காக, காசு மிச்சம் என்பதெல்லாம் விளம்பரக்காரன் கட்டிய கதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கணக்குப் போடத் தெரிந்தவர் இப்படி எழுதமாட்டார். 60 வாட் குண்டு பல்பும் 9 வாட் எல்இடியும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம், 800 லூமென் அளவில். வித்தியாசம் 51 வாட். தினம் 5 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 93 யூனிட் மிச்சம். பெட்டியில் போட்டிருக்கும் ஆயுள் 25,000 மணி நேரம். ஆக, ஒரே பல்பில் 1,275 யூனிட். பில் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்ததால்தான் அடுத்த பல்பையும் மாற்றினார்கள்.

டிரைவர்தாசன்:
25,000 மணி நேரமா? எந்தப் பல்பு சார் அது? தினம் 5 மணி நேரம்னா 13 வருஷத்துக்கு மேல வருது. வெளிச்சம் தர்ற எல்இடி சிப்பு தாங்கும், அதுக்குக் கரண்டைச் சீராக்கித் தர்ற டிரைவர் சர்க்யூட் தாங்காது. டிரைவர் உள்ளே சார்ஜைச் சேர்த்து வெக்கிற எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரோட ஆயுள் 105 டிகிரிக்கு 2,000 மணி நேரம்னு வெச்சுக்கோங்க. சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெட்டிப்பு. உள்சூடு 85 டிகிரின்னா 8,000 மணி நேரம், அவ்வளவுதான். நாலு பக்கமும் மூடின கண்ணாடிக் கூட்டுக்குள்ள மாட்டினா அதுவும் வராது. பெட்டியைப் பார்த்துப் பெருக்கறதுக்குப் பேரு கணக்கு இல்ல.

மின்கணக்கன்:
85 டிகிரி என்று யார் சொன்னது? காற்றோட்டமான ஹோல்டரில் உள்சூடு 65 டிகிரி என்றால் உங்கள் சூத்திரப்படியே அதே கப்பாசிட்டர் 32,000 மணி நேரம். உங்களுக்கு வசதியான சூட்டை நீங்களே எடுத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்கிறீர்கள். 25,000 என்றால் 25,000தான்.

தேன்மொழி:
இருவரும் 'ஆயுள்' என்ற ஒரு சொல்லை வெவ்வேறு பொருளில் பேசுகிறீர்கள். பெட்டியில் இருப்பது பெரும்பாலும் எல்70. வெளிச்சம் தொடக்க அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கும் நேரம் அது. பல்பு செத்துப்போகும் நேரம் அல்ல. வெளிச்சம் குறைவதை அளக்கும் எல்எம்-80 சோதனையில் சிப்பைக் குறைந்தது 6,000 மணி நேரம் எரியவிடுவார்கள். அதிலிருந்து டிஎம்-21 என்ற கணிப்பு முறைப்படி அதிகபட்சம் 6 மடங்கு வரை நீட்டிக் கணிக்கலாம். அந்தச் சோதனையில் டிரைவரே கிடையாது. முதலில் எந்த ஆயுளைப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமே?

டிரைவர்தாசன்:
அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மேடம். 25,000னு அடிச்சுச் சொன்னவர் முதல்ல பதில் சொல்லட்டும்.

மின்கணக்கன்:
சொல்கிறேன். வாதத்துக்காக 8,000 என்றே வையுங்கள். அப்போதும் மிச்சம் 408 யூனிட். குண்டு பல்புக்கு ஆயுள் 1,000 மணி நேரம்; அதற்குள் 8 பல்பு மாற்றியிருப்பீர்கள். உங்கள் எண்ணை வைத்தாலும் நான் சொன்னதுதான் நிற்கிறது. அதற்காக 8,000ஐ ஒப்புக்கொண்டேன் என்று நாளைக்குத் திரிக்க வேண்டாம்.

பழையவயர்:
இன்னும் எத்தனை வருஷம் குண்டு பல்போட ஒப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க? சிஎஃப்எல்ல இருந்து மாறுறவங்களுக்கு 14 வாட்டுக்குப் பதில் 9 வாட். வித்தியாசம் 5 வாட்தான். 8,000 மணி நேரத்துக்கு 40 யூனிட். இந்த 40 யூனிட்டுக்காக எவன் நல்லா எரியுற பல்பைக் கழட்டுவான்? மலிவான எல்இடில பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற மின்சாரத்துல உண்மையா வேலைக்கு ஆகுற பங்கு, 0.5தான் இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

மின்கணக்கன்:
பவர் ஃபேக்டரை இதற்குள் இழுக்காதீர்கள். வீட்டு மீட்டர் ஓட்டுவது வாட்டை வைத்து. 9 வாட் பல்புக்குப் பவர் ஃபேக்டர் 0.5 ஆனாலும் 0.9 ஆனாலும் பில் ஒன்றுதான். கூடுதல் கரண்ட் ஓடுவதால் வரும் நஷ்டம் வயரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும். நல்லா எரியும் சிஎஃப்எல்லைக் கழற்றச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? அது போன பிறகு மாற்றுங்கள். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் தனியாகக் கொடுங்கள்.

டிரைவர்தாசன்:
கம்பெனி போடுற நம்பரை வேதவாக்கா நினைக்கிறவருக்கு ஒரு வார்த்தை. 1924ல ஃபீபஸ்னு பல்பு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தாங்க. பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல எரியக் கூடாது, எரிஞ்சா செஞ்ச கம்பெனிக்கு அபராதம். இப்ப அதே தொழில்காரங்க 25,000னு அச்சடிச்சா நம்பிடணுமா?

மின்கணக்கன்:
ஃபீபஸ் கதையைப் பாதியோடு நிறுத்துவதே உங்கள் வழக்கம். இழையைக் குறைந்த சூட்டில் எரித்தால் ஆயுள் கூடும், ஆனால் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறையும். நீண்ட ஆயுள் குண்டு பல்பு, பல்பு விலையில் மிச்சமானதைக் கரண்ட் பில்லில் திருப்பி வாங்கிவிடும். கூட்டு போட்டது தப்பு, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எல்இடிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தேன்மொழி:
மிச்சம் எங்கே போகிறது என்பதை ஒருவரும் தொடவில்லை. செலவு குறைந்தால் பயன்பாடு கூடும் என்று 1865லேயே பொருளாதார அறிஞர் ஜெவான்ஸ் நிலக்கரியை வைத்துக் காட்டினார்.

மின்கணக்கன்:
ஜெவான்ஸ் இங்கே எடுபடாது. குண்டு பல்பு 5 மணி நேரத்தில் தின்றது 300 வாட்-மணி. 9 வாட் எல்இடி அதைத் தின்ன 33 மணி நேரம் எரிய வேண்டும். ஒரு நாளுக்கு 24 மணிதான்.

தேன்மொழி:
அதே பல்பையே ஏன் எண்ணுகிறீர்கள்? ஒரு பல்பு தொங்கிய கூரையில் இப்போது ஃபால்ஸ் சீலிங்கும் 12 டவுன்லைட்டும். தலா 6 வாட், மொத்தம் 72 வாட். பழைய 60 வாட்டைத் தாண்டிவிட்டது. இதற்குப் பதில் வேண்டும்.

டிரைவர்தாசன்:
சரியாப் போட்டீங்க! அதுவும் டவுன்லைட்டைப் பஞ்சுக் காப்புக்கு நடுவுல புதைச்சா சூடு போக வழியே கிடையாது. பல்பு போச்சுன்னா தூக்கிப் போடவும் வேண்டாம். மேல் மூடியைக் கழட்டிக் கருப்புப் புள்ளி விழுந்த சிப்பைத் தேடுங்க. எல்லாச் சிப்பும் வரிசைத் தொடர்ல இருக்கு, ஒண்ணு போனா மொத்தமும் அணையும். அந்த ஒண்ணை மட்டும் ஈயம் வெச்சு ஷார்ட் பண்ணினா மறுபடி எரியும். பசுமைன்னா இதுதான்.

மின்கணக்கன்:
இதைப் படித்து யாராவது கையை வைத்துவிடப் போகிறார்கள்! பல மலிவுப் பல்புகளில் இருப்பது லீனியர் டிரைவர், கரண்டைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு ஐசி. ஒரு சிப்பை ஷார்ட் செய்தால் அது எடுத்துக்கொண்டிருந்த வோல்டேஜ் முழுதும் ஐசி தலையில் விழும். சூடேறி ஐசி போய்விடும். மெயினிலிருந்து தனிமைப்படுத்தாத போர்டு அது, எரியும்போது தொட்டால் ஷாக். ஹோல்டரிலிருந்து கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிய பிறகுதான் தொட வேண்டும். இவ்வளவையும் விட்டுவிட்டு 'ஈயம் வெச்சு' என்று ஒரு வரியில் முடிக்கிறீர்கள்.

தேன்மொழி:
72 வாட்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

டிரைவர்தாசன்:
அவர் பதில் சொல்லமாட்டார் மேடம். எனக்கு ஒண்ணே ஒண்ணு. 25,000னு போட்ட அதே பெட்டியில வாரன்டி 2 வருஷம்னு இருக்கு. தினம் 5 மணி நேரம்னா 3,650 மணி நேரம். செஞ்சவனே மீதி 21,350க்குப் பொறுப்பேற்கல. நீங்க ஏன் சார் ஏத்துக்கறீங்க?

மின்கணக்கன்:
வாரன்டி வேறு, ஆயுள் வேறு. இதை உங்களுக்கு எத்தனை தடவை சொல்வது? 25,000தான்.