மூடுலில் இதயப் படம்: ஆல்ட் டெக்ஸ்டில் 14 பாகங்களையும் எழுதணுமா?

வகுப்பறை_11:
பிளஸ் ஒன் விலங்கியல் பாடத்தை மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில் ஏற்றுகிறேன். வகுப்பில் இருவருக்குப் பார்வை அறவே இல்லை, என்விடிஏ என்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்குக் குறைபார்வை. இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றத்தில் 14 பாகங்கள் குறித்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஆல்ட் டெக்ஸ்டில், அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மறைவான உரையில், எழுதிவிடலாமா?

செவிவழி:
வேண்டாம் சார். ஆல்ட்டுக்குள் பத்தியோ பட்டியலோ வராது; எல்லாம் ஒரே நீளச் சரம். குறைபார்வை மாணவருக்கு அது திரையில் தெரியவும் தெரியாது. ஒரு வரி போதும்: "மனித இதயத்தின் நீள்வெட்டு, நான்கு அறைகளும் பெரிய இரத்தக் குழாய்களும். விளக்கம் கீழே." "படம்" என்று தொடங்காதீர்கள், அதை மென்பொருளே சொல்லிவிடும்.

விளக்கத்தைப் படத்துக்குக் கீழே சாதாரண உரையாகப் போடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே போவார்கள். படத்தின் இடப்பக்கம் இருப்பது இதயத்தின் வலப்பக்கம். கேட்பவருக்குத் தலை சுற்றும். இரத்தம் போகிற வழியிலேயே எழுதுங்கள். மேற்பெருஞ்சிரையும் கீழ்ப்பெருஞ்சிரையும் வலது ஆரிக்கிளில் திறக்கின்றன, அங்கிருந்து மூவிதழ் வால்வு வழியாக வலது வென்ட்ரிக்கிள், பிறகு நுரையீரல் தமனி, இப்படி. இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடிமன் என்பதையும் சேருங்கள். பார்ப்பவர் அதைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார், கேட்பவருக்கு நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

குறியீட்டுக்காரன்:
எழுதியது தமிழாக ஒலிக்கிறதா என்றும் பாருங்கள். மூடுல் இடைமுகம் ஆங்கிலத்தில் இருந்தால் பக்கத்தின் மொழியும் ஆங்கிலம் என்றே பதிவாகும். மொழிக்கேற்பக் குரலைத் தானாக மாற்றும் வசதி இயக்கத்தில் உள்ள என்விடிஏ தமிழையும் ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும். எச்டிஎம்எல் காட்சிக்கு (பக்கத்தின் மூலக் குறிமுறை) போய் இமேஜ் டேக்கிலும், விளக்கத்தைச் சுற்றியுள்ள டிவ் டேக்கிலும் மொழியைச் சொல்லும் லாங் மதிப்பாகத் தமிழின் குறியான டி, ஏ இரண்டெழுத்தைக் கொடுங்கள். ஆல்ட்டுக்குள் வேறு டேக் போட வழியில்லை. ஆகவே பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று கலக்காதீர்கள்.

பழைய குறிப்பு பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய வகை) இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். பாமினியில் "அம்மா" என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும்.

வகுப்பறை_11:
இரண்டும் புரிந்தது, நன்றி. இதே படத்தில் "அ எனக் குறித்த பாகம் எது?" என்று வினாவும் இருக்கிறது. ஆல்ட்டில் சொன்னால் விடை வெளியாகிவிடுமே?

செவிவழி:
பெயரைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லுங்கள்: "அ: வலது ஆரிக்கிளுக்கும் வலது வென்ட்ரிக்கிளுக்கும் நடுவே உள்ள வால்வு." "மூன்று மடல்" என்று சேர்த்தால் விடையைக் கையில் கொடுத்த மாதிரி. கோப்புக்கும் விடையின் பெயரை வைக்காதீர்கள்; ஆல்ட் இல்லாத படம் இணைப்பாகவும் இருந்தால் கோப்புப் பெயரையே படித்துவிடும். பெயர்களைப் படத்தின் மேல் இழுத்துவிடும் வினா வகையைக் கைவிட்டுப் பொருத்துக வினா வையுங்கள்.

குறியீட்டுக்காரன்:
குறைபார்வை மாணவருக்கு: படம் எஸ்விஜியாக (புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் பட வடிவம்) இருந்தால் பெரிதாக்கினாலும் மங்காது. குறிச்சொற்களுக்கும் பின்னணிக்கும் நிறவேறுபாடு குறைந்தது 4.5:1, சுட்டுக்கோடுகளுக்கு 3:1. சிவப்பு, நீலம் என்று நிறத்தை மட்டும் நம்பாமல் அம்புக்குறியும் போடுங்கள். பக்க ஓரத்துப் பூ வேலைப்பாட்டுக்கெல்லாம் விளக்கம் வேண்டாம்; "அலங்காரப் படம்" என்ற பெட்டியை டிக் செய்தால் போதும்.